தங்க மையில் அறுந்துபோகும் பாஸ்கர்வில்

கேள்வி: டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தை பாஸ்கர்வில் என்ற ஃபான்ட்டில் 10 பாயிண்டில் அமைத்தேன். திரையில் அருமையாக இருந்தது. மெரூன் அட்டையில் தங்க மையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்ததும் கோடுகள் அங்கங்கே அறுந்துவிட்டன. ஃபான்ட் கோளாறா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: ஃபான்ட்டில் குறையில்லை. அந்த அளவில் அந்த மைக்கு அது ஒத்துவராது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சகம் நடத்திய ஜான் பாஸ்கர்வில் இந்த எழுத்தை வழுவழுப்பான காகிதத்தை மனதில் வைத்தே வடித்தார். 1757-இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது நல்ல கறுப்பு மை போட்டு, அச்சான தாள்களைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார். தடித்த கோடும் மெல்லிய கோடும் பளிச்சென்று பிரிந்து தெரிந்தது அதனால்தான்.

உங்கள் 10 பாயிண்டில் அந்த மெல்லிய கோடு அரை பாயிண்டுக்கும் குறைவு; 0.18 மி.மீ. கூட வராது. தங்க மையில் உலோகத் துகள் இருப்பதால் நெருக்கமான மெஷ்ஷில் (மை இறங்கும் வலைத்துணி) அடைத்துக்கொள்ளும். அதற்காக மெஷ்ஷின் கண்ணை அகலமாக்கினால் மெல்லிய கோடு நிற்காது. ஸ்கிரீனுக்கு ஒளி காட்டும் நேரம் (எக்ஸ்போஷர்) கூடிப்போனாலும் ஒளி ஓரத்தில் கசிந்து, எமல்ஷனில் (மெஷ் மேல் பூசும் ஒளியுணர் பூச்சு) கோடு இன்னும் ஒடுங்கும்.

‘வேலூர்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து ஃபிலிமை லென்ஸில் பாருங்கள். முதல் எழுத்தின் இடப்பக்கச் சாய்கோடு தடிமனாக இருக்கும், வலப்பக்கம் நூல் மாதிரி இருக்கும். அச்சில் முதலில் அறுவது அந்த வலப்பக்கம்தான்.

ஊர், பெயர், தேதியை 14 பாயிண்டுக்கு மேல் வையுங்கள். சின்ன எழுத்துக்கு செமிபோல்டு (சற்றே தடித்த வடிவம்) எடுங்கள். அது இல்லையென்றால் கோரல் டிராவில் எழுத்தைக் கர்வ் ஆக்கி (வெறும் வடிவமாக மாற்றி), அதே நிறத்தில் 0.2 பாயிண்ட் அவுட்லைன் கொடுங்கள். அதற்கு மேல் போனால் எழுத்துகளின் உள்வெளி அடைபட்டுவிடும். முழுத் தாளையும் அடிக்கும் முன் ஒரே ஒரு அட்டை அடித்துப் பார்ப்பது அவசியம். வெள்ளை மேப்லித்தோ தாளில் கறுப்பு ஆஃப்செட் என்றால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

கேள்வி: இது பாஸ்கர்வில்தானா, டைம்ஸ் நியூ ரோமனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, ஆற்காடு

பதில்: சின்ன ‘ஜி’யைப் பாருங்கள். பாஸ்கர்விலில் கீழ்ச்சுழி மூடாமல் வாய் திறந்திருக்கும்; டைம்ஸில் மூடியிருக்கும். பெரிய ‘க்யூ’வின் வாலும் பாஸ்கர்விலில் நீண்டு வளைந்து ஓடும். டைம்ஸ் 1932-இல் லண்டன் நாளிதழுக்காக வந்தது, சிக்கனமாக இடம் பிடிக்கும்.

கேள்வி: தமிழும் ஆங்கிலமும் 12 பாயிண்டில் வைத்தால் ஒன்று பெரிதாகத் தெரிகிறதே?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பாயிண்ட் என்பது எழுத்து உட்காரும் கட்டத்தின் அளவு, எழுத்தின் உயரம் அல்ல. ‘ப’வையும் ஆங்கிலச் சின்ன ‘எக்ஸ்’ஸையும் பக்கத்தில் வைத்து, கண்ணுக்குச் சரியாகும்வரை ஒன்றை அரை அரைப் பாயிண்டாக மாற்றுங்கள். பாமினி போன்ற, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய ஃபான்ட்டில் அடித்த பக்கமானால், மொத்தமாக செலக்ட் செய்து பாஸ்கர்விலுக்கு மாற்றாதீர்கள். தமிழ் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். ஆங்கில வரிகளை மட்டும் தனியே மாற்றுங்கள்.