அப்பாவுக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா?

தம்பி, அப்பா தினமும் குவார்ட்டர் அடிக்கிறார், ஈரல் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி 140, எஸ்ஜிபிடி 60, கீழாநெல்லிச் சாறும் சீந்தில் பொடியும் கொடுத்தால் ஈரல் தாங்குமான்னு கேட்டிருக்கீங்க. எஸ்ஜிஓடி இப்படி எஸ்ஜிபிடியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நின்றாலே முதல் சந்தேகம் குடி மேல்தான்.

கீழாநெல்லிக்குப் பெயர் வந்தது காமாலையில். 1988இல் வந்த சென்னை ஆய்வு, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கீழாநெல்லி போக்கும் என்றது; குடியைப் பற்றியது அல்ல. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. குடியால் வரும் சேதத்துக்கு நல்ல முடிவு கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் எலிகளில். உங்கள் அப்பா எலி இல்லையே!

சீந்தில் வேண்டவே வேண்டாம், கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்க. அதைச் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்காங்க.

வெறும் கொழுப்பு ஈரல் என்றால் குடியை விட்ட சில வாரங்களிலேயே தேறும். ஆனால் ஒரே நாளில் நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்தட்டும்.