ஆயாவை அனுப்பிவிட்டால் நிர்வாகத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன், ஹார்பரில் ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு 74 வயது. ஸ்ட்ரோக்கில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் தண்டையார்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் மாதம் 38,000 ரூபாய்க்குச் சேர்த்தேன். பதினோரு மாதம் இருந்தார். போன மாதம் பார்த்தால் இடுப்புக்குக் கீழே எலும்பு தெரிகிற அளவுக்குப் படுக்கைப் புண். இப்போது ஸ்டான்லியில் சேர்த்திருக்கிறோம். 'நைட் டியூட்டி ஆயா சரியில்லை, நீக்கிவிட்டோம், விஷயம் முடிந்தது' என்கிறார் மேனேஜர். ஹெட் நர்ஸ் வேலையை விட்டுப் போய் நாலு மாதமாக வேறு ஆள் போடவில்லை. சேர்க்கும்போது, 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். கடைசி மாதப் பாக்கியைக் கட்டினால்தான் ரெக்கார்டு தருவார்களாம். ஆயா மேல் போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் கொடுக்காதீர்கள் என்பது என் யோசனை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? உங்கள் கடிதத்தில் கனமான வரி ஆயாவைப் பற்றியது அல்ல, ஹெட் நர்ஸ் இடம் நாலு மாதம் காலியாகக் கிடந்தது என்பதுதான். எழுந்து உட்கார முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது நர்சிங்கில் பாலபாடம். திருப்பினார்களா என்று சார்ட்டில் குறிக்க வேண்டும், அந்த சார்ட்டை மேலே ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். எலும்பு தெரியும் புண் ஓர் இரவில் வருவதில்லை. முதலில் தோல் சிவக்கும், அப்புறம் உரியும், பிறகுதான் ஆழமாகப் போகும். அத்தனை நாளும் பகலில் குளிப்பாட்டியவர், துணி மாற்றியவர், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் என்று யார் கண்ணிலும் படவில்லை என்றால், அந்த இடத்தில் மேற்பார்வை என்ற ஒன்றே இல்லை. அதற்கு ஓர் இரவு ஆயா எப்படிப் பொறுப்பாவார்?

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. ஊழியர் வேலையில் செய்யும் தவறுக்கு நிறுவனம் பொறுப்பு. தகுதியில்லாத நர்ஸ் போட்ட ஊசியால் ஒரு குழந்தை பாதிக்கப்பட்ட ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையையே பொறுப்பாக்கியது. 2004இல் சவிதா கார்க் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த டாக்டர், எந்த நர்ஸ் என்று நோயாளி பெயர் சொல்லிச் சேர்க்காவிட்டாலும் வழக்கு நிற்கும். கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டிய சுமை மருத்துவமனைக்கு வரும். ஆக, ஆயாவை நீக்கியது அவர்களுடைய வீட்டு விவகாரம். உண்மையில் அது உங்களுக்குத்தான் சாதகம். தவறு நடந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. மேனேஜர் அதை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

அந்தக் கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம். பராமரிப்பதற்குப் பணம் வாங்கிக்கொண்டு, பராமரிக்காவிட்டாலும் கேட்கக்கூடாது என்று எழுதி வாங்கினால் அது கவனக்குறைவுக்குக் கேடயமாகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவைக் குறைபாடு' என்பதற்குள் கவனக்குறைவும் வரும், தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் வரும். ஹெட் நர்ஸ் இல்லை என்பதை உங்களிடம் சொல்லாமலே மாதாமாதம் முழுப் பணம் வாங்கியிருக்கிறார்களே, அதை இரண்டாவதில் வைத்து வாதாடலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ரெக்கார்டு கேட்பது. வாயால் கேட்காதீர்கள், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நர்சிங் ஹோம் லெட்டர்பேடில் எந்த டாக்டர் பெயர் இருக்கிறதோ அவருக்கும் ஒரு பிரதி. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். பாக்கி கட்டினால்தான் என்ற நிபந்தனை அதில் இல்லை. கேஸ் ஷீட், திருப்பிப் படுக்க வைத்த சார்ட், நர்ஸ் குறிப்பு, அந்த நாலு மாத டியூட்டி ரோஸ்டர் நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரோஸ்டரைக் கேட்டதும் முகம் மாறும் பாருங்கள். கூடவே, நர்சிங் பொறுப்பில் இருந்தவர் யார், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் அவர் பதிவு எண் என்ன, இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். பதில் சொல்லாமல் இருந்தால் அதுவே ஒரு பதில்.

ஸ்டான்லி டிஸ்சார்ஜ் சம்மரியில் புண்ணின் இடம், அளவு, எந்த நிலை என்பது பதிவாகிறதா என்று டாக்டரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அந்த நர்சிங் ஹோமுக்கும் சம்பந்தமில்லாத அரசு டாக்டர் எழுதிய தாள் அது. அதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்களுக்குக் கை கொடுக்கும்.

வழக்கு நுகர்வோர் ஆணையத்தில். நீங்கள் கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் மனுக் கட்டணம் கிடையாது. கேட்கும் இழப்பீடு அதைவிட அதிகமாக இருந்தாலும் கணக்கு கட்டிய பணத்தை வைத்துத்தான். இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவை முதல் மனுதாரராகப் போடுங்கள்; கை வராவிட்டால் இடது பெருவிரல் ரேகை போதும். எதிர்மனுதாரராக மேனேஜரை மட்டும் போட்டுவிடாதீர்கள், அவர் சம்பளக்காரர். பங்குதாரர் நிறுவனமா, டிரஸ்டா என்று பார்த்து, பங்குதாரர்களையோ நிர்வாக அறங்காவலரையோ சேர்க்க வேண்டும். ரசீது இல்லாமல் ஜிபேயில் அனுப்பியிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வையுங்கள்.

தனியாக, தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்துக்கு ஒரு புகார். தனியார் மருத்துவ நிறுவனங்கள் 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். நம் பக்கத்தில் பலகையில் நர்சிங் ஹோம் என்றும், காகிதத்தில் முதியோர் இல்லம் என்றும் நடத்துபவர்கள் உண்டு. அப்படியென்றால் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. முதியோர் உதவி எண் 14567.

போலீஸ் விஷயம்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 357ஆவது பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரைப் பராமரிக்க ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே விட்டுவிடுவதைக் குற்றமாக்குகிறது. மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிப்பது கடினம். ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் மாட்டுவது அந்த ஆயாதான், முதலாளி அல்ல. அந்த ஆயாவை நீங்கள் சாட்சியாக வைத்துக்கொள்வது நல்லது. வேலை போன கோபத்தில் இருப்பார். இரவில் தனியாக எத்தனை பேரைப் பார்த்தார் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

பாக்கிப் பணத்தை இப்போது கட்ட வேண்டாம். அந்த மாதச் சேவை பற்றியே தகராறு இருப்பதாக அதே தபாலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அவர்களுக்கு வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் கேட்டுக்கொள்ளட்டும்.