தைராய்டு 6.8 என்றால் ஆயுசுக்கும் மாத்திரையா?

தண்டையார்பேட்டையிலிருந்து 34 வயது வாசகி கேட்கிறார்: தெருவில் போட்ட கேம்ப்பில் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.ஹெச். 6.8, டி4 நார்மல். ஹார்மோன் ஃபுல் பேக்கேஜ் எடுத்தே ஆகணும் என்கிறான் லேப் பையன். மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார் மாமியார். சோர்வாகவும் இருக்கிறது.

முதலில், பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி அனுப்புவது. மேஸ்திரி மாதிரி, ஆள் ஒழுங்காக வேலை பார்த்தால் பேசாமல் இருப்பார், சுணங்கினால் குரல் ஏறும். உங்கள் மேஸ்திரி லேசாகக் குரல் உயர்த்தியிருக்கிறார், ஆனால் வேலை, அதாவது தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன், நடந்துகொண்டுதான் இருக்கிறது. இது தானாகவே இறங்குவதும் உண்டு. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே லேபில் இந்த இரண்டையும் பாருங்கள், கூடவே ஒரு தடவை ஆன்டி டி.பி.ஓ., அதாவது உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் பரிசோதனையும். டி.எஸ்.ஹெச். 10-ஐத் தாண்டினால் மாத்திரை பற்றிப் பேசலாம்.

ஆனால் கர்ப்பமாக இருந்தால், குழந்தைக்கு முயற்சி செய்தால்கூட, நான் சொன்ன பொறுமை எதுவும் செல்லாது. முதல் மூன்று மாதம் சிசுவின் சொந்தச் சுரப்பி வேலை தொடங்கியிருக்காது, அம்மாவிடமிருந்துதான் ஹார்மோன் போக வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பமானால் நிறுத்தவே கூடாது, டோஸைப் பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டிவரும். குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு ஐந்தாம் மாதம் வந்து நிற்கிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது எனக்கு.

அந்தப் பேக்கேஜில் கார்டிசால் என்று இன்னொரு ஹார்மோன் இருக்கும். அது காலையில் ஏறி ராத்திரி இறங்கும், சாயங்காலம் எடுத்த ரத்தத்தில் அதைப் பார்த்து என்ன தெரியப்போகிறது, பையனுக்குக் கமிஷன் வரும், அவ்வளவுதான். டாக்டர் சீட்டே இல்லாமல் கேம்ப் போடலாம், ரிப்போர்ட்டில் சிவப்பு அம்புக்குறி போட்டுப் பயமுறுத்தலாம், விளக்கம் சொல்ல மட்டும் ஆள் கிடையாது!

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால், அடுத்த பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், சில மெஷின்களில் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

மாமியாரிடம் சொல்லுங்கள், இது அடிமையாக்கும் மருந்தில்லை, சுரப்பியே ஓய்ந்துபோனவர்களுக்குத்தான் ஆயுசுக்கும் தேவை. உங்கள் சோர்வுக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், அதற்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போக வேண்டாம், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுப்பார்கள்.