கிரவல் வீதிக்கு எந்தச் சேலை?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேலைக்குப் போகும் தாய்மாரிடமிருந்து வந்தவை. பெயர்களைத் தவிர்த்து, ஊரையும் தொழிலையும் மட்டும் தருகிறேன்.

கேள்வி: கிளிநொச்சி நகரில் வசிக்கிறேன். அக்கராயன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. காலையில் மூன்று வயது மகனை முன்பள்ளியில் இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் போகிறேன். போகும் வழியில் பாதி கிரவல் வீதி. நல்ல விலை கொடுத்து வாங்கிய பருத்திச் சேலைகள் ஒரு தவணை முடிவதற்குள் கரை கிழிந்து மங்கிவிடுகின்றன. மலிவானதை வாங்கினால் வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. எதைத்தான் வாங்குவது?

பதில்: ரீச்சர், சேலை வகுப்பறையில் கிழிவதில்லை, வீதியில்தான் கிழிகிறது. ஆனால் புடவைக்கடையில் அதைத் தெரிவு செய்யும்போது நாம் மின்விசிறிக்குக் கீழே, கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறோம். கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும் ஆடி மாதத்து வீதி அந்தக் கண்ணாடியில் தெரியாது.

மருதமுனைக் கைத்தறி போன்ற முழுப் பருத்திச் சேலை வெயிலுக்கு இதமானது. ஐந்து நாளும் அதையே உடுத்த எனக்கும் ஆசைதான். ஆனால் கஞ்சி போட வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும், அயன் செய்ய வேண்டும். வீட்டில் கை கொடுக்க ஆள் இல்லாதவருக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போய்விடும். முழு பொலியெஸ்டரில் வரும் ஜோர்ஜெட், கிரேப் சேலைகள் கசங்குவதில்லை, ஒரு மணி நேரத்தில் காய்ந்தும் விடும். ஆனால் அந்த நூல் வியர்வையை உறிஞ்சாது. நீங்கள் சொல்லும் ஒட்டல் அதனால் வருவது. நடுவழி, பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த சேலை. வாரத்தில் மூன்று, நான்கு நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கைத்தறியைக் கூட்டம், விழா நாள்களுக்கு ஒதுக்குங்கள்.

கடைக்காரர் ‘கொட்டன்’ என்று சொல்வதெல்லாம் கொட்டன் ஆகிவிடாது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியில் பிடித்துப் பாருங்கள். பருத்தி என்றால் கடதாசி எரியும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, கடினமான மணியாகத் திரளும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும். நூல் தர மறுக்கும் கடையில் ஏன் மறுக்கிறார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பு அழுக்கைக் காட்டாது என்ற நம்பிக்கை கிரவல் வீதியில் செல்லாது. செம்புழுதி கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். மண் நிறம், காவி, செங்கல் நிறம், சிறு பூப்போட்ட துணி ஆகியவை உங்கள் வழிக்குப் பொருந்தும்.

கரை கிழிவதற்கு மருந்து, கீழ்க்கரையின் உட்பக்கத்தில் ஃபோல் எனப்படும் பட்டித் துணியைத் தைப்பது. பட்டித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு தடவை நனைத்து உலர்த்திக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே பட்டி சுருங்கி, சேலையின் கரை முழுவதும் சுருக்கம் விழும். கிழியும்போது பட்டி மட்டும் கிழியும். அதை மாற்ற ஆகும் செலவு புதுச் சேலையின் விலைக்குப் பக்கத்திலும் வராது. உள்பாவாடையில், கடைகளில் இப்போது நிறையத் தொங்கும் உடலோடு ஒட்டிய மீன்வெட்டு வகை வேண்டாம். நின்று பாடம் நடத்த அது அழகு. ஸ்கூட்டரை நிறுத்தக் கால் ஊன்றும்போது முழங்காலைக் கட்டிப்போடும். கீழே அகன்ற பருத்திப் பாவாடையே நல்லது.

முந்தானையைப் பற்றி உடுப்பு அறிவுரையாக அல்ல, உயிர் அறிவுரையாகச் சொல்கிறேன். பறக்கும் முந்தானை சில்லில் சிக்கினால் ஓட்டுபவர் பின்பக்கமாக இழுத்து வீழ்த்தப்படுவார். முன்னால் சுற்றி இடுப்பில் செருகி, பின் குத்தி, அதன் மேல் ஒரு நீளக்கைச் சட்டையை அணியுங்கள். இதற்கென்று விற்கும் மேலங்கிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கணவரின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டினால் வெயிலும் புழுதியும் இரண்டும் நிற்கும். பாடசாலை வாசலில் கழற்றி இருக்கைக்குக் கீழே வைத்துவிடலாம். மகனுக்கு அவன் தலைக்கு அளவான, எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரை உள்ள தலைக்கவசம் வாங்குங்கள். பெரியவர்களுடையதற்குள் துணி அடைத்துப் போடுவதால் பயனில்லை.

சேலைதான் உடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றபோது நாடு முழுவதும் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் உரத்துப் பேசியவர்களில் எத்தனை பேர் சேலை உடுத்து, பிள்ளையை முன்னால் நிறுத்தி, கிரவலில் ஸ்கூட்டர் ஓட்டியிருப்பார்கள் என்பது என் கேள்வி.

கேள்வி: கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மகப்பேற்று விடுமுறை முடிகிறது. குழந்தைக்குப் பாலூட்டுகிறேன். ‘தாய்மார் உடை’ என்று முகநூல் நேரலையில் விற்கிறார்கள். விலை சாதாரண உடையைப் போல இரண்டு மடங்கு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. அந்த உடையில் இருப்பது மடிப்புக்குள் மறைந்த ஒரு திறப்பு மட்டுமே. உங்களிடம் இருக்கும் சல்வார் மேற்சட்டையின் இரு பக்கத் தையலையும் மார்பு உயரத்தில் ஒரு சாண் பிரித்து, ஒளிந்த சிப் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஊரில் எந்தத் தையல்காரியும் செய்வார். நீங்களே தையல் இயந்திரத்தில் வேலை செய்பவர் என்றால் நான் இதைச் சொல்லத் தேவையும் இல்லை. சேலை உடுக்கும் நாளுக்கு, கொளுக்கி முன்பக்கம் வைத்த சட்டை போதும். பால் கசிவு தெரியாமல் இருக்க ஒற்றை நிறத்தை விடப் பூப்போட்ட துணி உதவும். கறை பட்டால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுநீர் ஊற்றினால் பாலின் புரதம் நூலோடு இறுகிவிடும்.

உடுப்பைவிட உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு 9 மணி நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தரப்பட வேண்டும். தொழிற்சாலையில் குழந்தைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமானது, அதற்குள் கழிக்கப்படுவதல்ல. மேற்பார்வையாளர் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் வெளிக்கள உத்தியோகத்தர். மாரியில் வீடு வீடாகப் போக வேண்டும். போர்வை போன்ற மழை அங்கியா, காற்சட்டையுடன் வரும் இரட்டை அங்கியா?

பதில்: இரட்டை அங்கி. போர்வை வகை காற்றில் எழும்பிக் கண்ணை மறைக்கும். வாங்கும்போது உட்பக்கத்தைத் திருப்பி, தையல்களின் மேல் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டாததில் வாடைக்காற்று மழை ஊசித் துளை வழியே இறங்கும். சேலைக்கு மேல் காற்சட்டை ஏறாது என்பது உண்மை. களத்துக்குப் போகும் நாள்களில் சல்வார் அணிய அனுமதி கேட்பதில் தவறில்லை. காலுக்கு, குதிகாலில் வார் உள்ள இறப்பர்ச் செருப்பு. தோற்செருப்பு மார்கழி தாண்டாது.

கேள்வி: வவுனியாவில் ஒரு கடையில் வேலைக்கென்று இரண்டு சேலை வாங்கினேன். முதல் தோய்ப்பிலேயே ஒன்றின் சாயம் இறங்கி, மகளின் வெள்ளைச் சீருடையையும் கெடுத்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால், ‘விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது’ என்று பற்றுச்சீட்டில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: அந்த வரியைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, பொருளில் குறை இருப்பது வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் நீங்கள் முறைப்பாடு செய்யலாம். விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பற்றுச்சீட்டு, சாயம் இறங்கிய சேலை, கெட்டுப்போன சீருடை, இரண்டின் படங்கள். சேலையை மறுபடி தோய்க்காதீர்கள். முதலில் இவற்றோடு கடை முதலாளியிடமே போங்கள், காசாளரிடம் அல்ல. முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்தால் பல கடைகளில் பேச்சின் தொனி மாறும்.

இனி வாங்கும்போது வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சேலையின் உள் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கடும் சிவப்பு, நீலம், கறுப்பு என்றால் கட்டாயம் செய்யுங்கள். வீட்டு வாசலுக்கு வந்து தவணைக்குச் சேலை தருபவரிடம் பெரும்பாலும் பற்றுச்சீட்டே கிடைப்பதில்லை. சாயம் இறங்கினாலும் தவணை இறங்காது. மொத்தத் தவணையையும் கூட்டி, கடை விலையோடு ஒப்பிட்ட பிறகு கையெழுத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் தோய்த்தால் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை மஞ்சளாகிறது. வெளுக்கும் திரவம் ஊற்றினால் இன்னும் மோசமாகிறது. (புதுக்குடியிருப்பு)

பதில்: தண்ணீரில் இரும்பு இருக்கிறது. குளோரின் கலந்த வெளுக்கும் திரவம் இரும்புக் கறையை நூலில் பதித்துவிடும், அதை உடனே நிறுத்துங்கள். தண்ணீரை முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைத்து, அடியில் செம்மண்டி படிந்த பின் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். கறை பட்ட சீருடையைத் தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவும் இருக்கிறதென்றால் தண்ணீரில் கல்சியமும் கூட. அப்போது கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, துணியில் சாம்பல் நிறப் பிசுக்காகத் தங்கும். சலவைத் தூளுக்கு மாறுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீர் கிடைத்தாலும் போதும்.