கம்பி ஆன்லைனில், சண்டை சைட்டில்

கேள்வி: வீட்டுக்கு இரண்டு டன் கம்பியை ஆன்லைனில் வாங்கினோம். உள்ளூர்க் கடையைவிட கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவு. வந்து இறங்கியதும் மேஸ்திரி ஒரு 12 எம்எம் கம்பியைப் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, "10.2 கிலோதான் நிற்குது, ஏமாத்திட்டாங்க" என்கிறார். பில்லிலோ எடை சரியாக இருக்கிறது. யாரை நம்புவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மேஸ்திரியின் தராசும் பொய் சொல்லவில்லை, பில்லும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கம்பியின் விட்டத்தை (மில்லிமீட்டரில்) அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுங்கள். ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்எம்முக்கு 0.89. முழு நீளம் 12 மீட்டர், ஆக ஒரு கம்பி 10.67 கிலோ. ஆனால் ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தரவிதி இந்த அளவுக் கம்பியில் லோடு சராசரி 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. 10.2 அதற்குள் அடங்கும்.

இனிதான் விஷயம். லாரியை எடை மேடையில் ஏற்றி, நின்ற எடைக்குப் பில் போட்டிருந்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. டன்னுக்கு 94 கம்பிக்குப் பதில் 98 வந்திருக்கும். கம்பியை எண்ணி, 10.67-ஆல் பெருக்கிப் போட்டிருந்தால், இரண்டு டன்னில் கிட்டத்தட்ட 88 கிலோ உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. யூ மாதிரி மடக்கி வந்த கம்பிகளை இன்றைக்கே எண்ணுங்கள், வெட்ட ஆரம்பித்துவிட்டால் கணக்கு போச்சு. அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன்பே, "மேடை எடையா, எண்ணிக்கை எடையா?" என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மூன்று ரூபாயையும் ஒரு தடவை பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குக் கூலியும் சேர்ந்த விலைதானா அது?

கேள்வி: என்ஜினியர் எல்லா வரைபடங்களையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். வசதியாகத்தான் இருக்கிறது. என் மாமனார் மட்டும் "பேப்பரில் வாங்கு" என்று நச்சரிக்கிறார்.
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மாமனார் சொல்வதைக் கேளுங்கள். 2017-ல் கரூர் பக்கம் ஒரு வீடு கட்டினேன். படிக்கட்டு வலமாகச் சுற்றி ஏற வேண்டும் என்று வீட்டுக்காரரின் அம்மா சொல்லிவிட்டார். என்ஜினியரும் மாற்றி வரைந்து இரவு பதினொரு மணிக்குக் குரூப்பில் போட்டார். விடிந்தபோது அதன் மேல் நாற்பது பொங்கல் வாழ்த்து. மேஸ்திரி போனில் இருந்தது முதல் வரைபடம். எனக்கு வந்திருந்தது மூன்றாவது. கான்கிரீட் போட்டு, பலகை பிரித்த அன்று அந்த அம்மா காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். "இடமால்ல சுத்துது தம்பி?" உடைத்துக் கட்டிய செலவு என்னுடையது. மேஸ்திரியைத் திட்டக்கூட வாய் வரவில்லை. மாறிய படம் அவரிடம் இருக்கிறதா என்று நான்தான் பார்க்கவில்லை.

பெரிய கம்பெனிகள் கட்டட மாதிரியையே ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவில் பரிமாறிக்கொள்கின்றன. 2013-லேயே ஐஎஸ்ஓ 16739 என்று அதற்குத் தரம் வந்துவிட்டது. இரண்டு மாடி வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். வரைபடத்தின் வலது கீழ் மூலையில் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புதுசு வந்ததும் பிரிண்ட் எடுத்து மேஸ்திரி கையில் கொடுங்கள், பழைய தாளை வாங்கிக் கிழித்துப் போடுங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்கும் முன் அந்த எண்ணை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், வரைபடத்தைப் போட்டோவாக அனுப்ப விடாதீர்கள். படம் மங்கி, 8 எம்எம் என்று எழுதியது 6 எம்எம்மாகத் தெரியும். டாக்குமென்டாகத்தான் வர வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் வரும் சிமென்ட் பழைய சரக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: எந்த வாரம், எந்த ஆண்டு பேக் செய்தது என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதைப் பரிசோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. 14-வது வாரம் என்று போட்டிருந்து இப்போது ஆகஸ்ட் என்றால் இறக்கவே விடாதீர்கள். இதையெல்லாம் டிரைவரிடம் ஓடிபி சொல்வதற்கு முன்னால் பாருங்கள். சொல்லிவிட்டால் சரக்கு சரியாக வந்தது என்று நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி.