நீர்மூழ்கிக்குப் போகும் கடிதம்

அன்புள்ள ஐயா,

மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். அங்கே போயிருந்தபோது ஹெலன்ஸ்பரோ பக்கம் காரில் அழைத்துப் போனான். ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தின் முள்வேலியையும், அணு ஆயுத எதிர்ப்பாளர்கள் 1982 முதல் அங்கே நடத்திவரும் முகாமையும் பார்த்தோம். பிரிட்டனின் வான்கார்ட் வகை அணு நீர்மூழ்கிகள் அங்கிருந்துதான் புறப்படுமாம். ரோந்தில் இருப்பவருக்கு அம்மா இறந்தால்கூடச் செய்தி போகாது என்றான். மனசு கேட்கவில்லை. "தெரிஞ்சுதானேம்மா சேர்றாங்க, சம்பளமும் வாங்குறாங்க" என்றான். அது சரியென்றும் பட்டது. என் கேள்வி வேறு. இவ்வளவு செலவில் இந்தக் கப்பல்கள் தேவையா? நம் நாட்டு அணு நீர்மூழ்கி அரிஹந்த் இவற்றுக்கு ஈடாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஈடு பார்க்கும் கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அரிஹந்த் ஏறத்தாழ 6,000 டன். வான்கார்ட் 16,000 டன்னுக்குப் பக்கம், டிரைடென்ட் என்னும் அணு ஏவுகணைகளுக்கு 16 குழாய்கள். ஒரு நகரத்தை அழிக்க இரண்டும் போதும். செலவுக் கணக்கை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாடே அழிந்துபோனால் என்ன செய்வதென்று கப்பலின் பெட்டகத்தில் பிரிட்டிஷ் பிரதமர் கைப்பட எழுதி வைக்கும் கடைசிக் கட்டளையைப் பற்றியும் எல்லோரும் எழுதியாயிற்று.

நான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருப்பது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய விஷயத்தை. "மனசு கேட்கவில்லை" என்று எழுதிய கையால் அடுத்த மூச்சிலேயே "சரியென்றும் பட்டது" என்று எப்படி எழுத முடிந்தது உங்களால்?

ரோந்தில் இருக்கும் நீர்மூழ்கி ஒரு வார்த்தை வெளியே அனுப்பினாலும் அதன் இருப்பிடம் தெரிந்துவிடக்கூடும். ஆகவே அது கேட்கும், பேசாது. மிகத் தாழ்ந்த அலைவரிசையில் கரையிலிருந்து அதற்குச் செய்தி போகும். நம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கோபுரங்கள் நிற்பதும் இந்த வேலைக்குத்தான். பிரிட்டிஷ் மாலுமியின் வீட்டார் வாரத்துக்கு 120 சொல் எழுதலாம். ஃபேமிலிகிராம் என்பார்கள். கரையில் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அது போகும். பதில் வராது. உங்கள் மகன் சொன்னதில் ஒரு திருத்தம்: புறப்படும் முன்பே கேட்டு வைக்கிறார்கள், வீட்டில் துக்கம் நேர்ந்தால் உடனே சொல்லவா, திரும்பிய பிறகு சொல்லவா என்று.

என் அப்பா தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலுக்குப் போனவர். அவர் கடலில் இருந்தபோது ஆச்சி இறந்துபோனாள். "நடுக்கடல்ல கேட்டு அவன் என்ன செய்வான்" என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் சொல்படி அம்மா மாதாமாதம் "அத்தை நலம்" என்று எழுதினாள். அப்பா ஊர் வந்து இறங்கிய அன்றுதான் சொன்னார்கள். அவர் அழவில்லை. அம்மாவைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றார். கடல்வேலையை விடும்வரை அம்மா எழுதும் "எல்லாரும் நலம்" என்ற வரியை அவர் நம்பவேயில்லை. எதிர்வீட்டு சார்வாளுக்குத் தனியாகக் கடிதம் போட்டு விசாரிப்பார். அந்தக் கடிதங்கள் அம்மாவுக்கும் தெரியும்.

நம் குடும்பங்கள் கேட்காததை அந்தக் கடற்படை கேட்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மாலுமி பதில் சொன்னது எத்தனை நாளைக்கு? முன்பெல்லாம் ரோந்து மூன்று மாதம். இப்போது ஆறு மாதத்தையும் தாண்டுகிறது. கப்பல்கள் நான்கே நான்கு. 25 வருட ஆயுளுக்கென்று கட்டியவை. முதலாவதான வான்கார்ட் 1993இல் பணிக்கு வந்தது. 2015 கடைசியில் பழுதுபார்க்கப் போய், திரும்ப ஏழு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இவற்றுக்கு மாற்றான டிரெட்நாட் வகை வர 2030களாகும். 1969 ஏப்ரல் முதல் ஒருநாள்கூட விடாமல் ஒரு கப்பலாவது கடலடியில் இருந்திருக்கிறது என்பது அந்த அரசின் பெருமை. கரைக்கு வந்த கப்பல் தயாராகாவிட்டால், கடலில் இருப்பது திரும்ப முடியாது. அந்தப் பெருமைக்கான தவணையை உள்ளே இருக்கும் 130 சொச்சம் பேர் கட்டுகிறார்கள்.

தெரிந்துதானே சேர்ந்தார்கள் என்கிறீர்கள். எது தெரிந்து? "திரும்பிய பிறகு சொல்லுங்கள்" என்று மூன்று மாதத்தை மனதில் வைத்து எழுதிக் கொடுத்தவனுக்கு, அம்மா இறந்து ஐந்தாவது மாதமும் ஒருவர் படித்து வடிகட்டிய 120 சொல் வருகிறது. அவனிடம் மறுபடி யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவன் பதில் அனுப்ப வழியில்லை. சம்பளத்தை இதற்குள் இழுக்காதீர்கள் எஸ். ஒரு தாய் எழுதக்கூடிய வாக்கியமா அது?

இந்தக் கப்பல்கள் தேவையா என்றீர்கள். தேவையில்லை என்பவன் நான். தேவை என்பவர்களிடமும் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. மூன்று மாதத்தில் ஆளை மாற்ற முடியவில்லையென்றால், 1969இல் தொடங்கிய அந்தச் சங்கிலி அறுந்து போகட்டும். ஒரு மாதம் கடல் காலியாகக் கிடக்கட்டும்.

மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நல்ல பிள்ளை, அம்மாவை அந்த வேலிவரை கூட்டிப்போய்க் காட்டத் தோன்றியிருக்கிறது. என்மேல் கோபம் வந்தால் எனக்கே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்