பிள்ளைகளுக்குக் கலைஞர்கள் வழித்துணையாவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

மதுரை வட்டாரத்து வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: உள்ளூர்க் கலைஞர்களைக் கொண்டு வளரிளம் பிள்ளைகளுக்குக் கலை வழியாகத் துணை நிற்பது. அவற்றிலிருந்து சில.

எங்கள் இளைஞர் மன்றத்துக்குப் பறை, ஒயிலாட்டம், கரகம், மண்பொம்மை என்று பத்துக் கலைஞர்கள் வரச் சம்மதித்திருக்கிறார்கள். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளோடு வாரம் ஒருநாள் இருக்கப்போகிறார்கள். அதற்கு முன் அவர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி தர வேண்டும்? அதில் என்ன இருக்க வேண்டும்?
– மன்றச் செயலாளர், உசிலம்பட்டி

4 நாள் போதும். ஆனால் நான்கையும் சேர்ந்தாற்போல் வைக்காதீர்கள். வாரம் ஒன்றாக வையுங்கள், இடையில் யோசிக்க நேரம் கிடைக்கும்.

முதல் நாள் யாரும் தன் கலையைத் தொடக் கூடாது. பறைக்காரர் மண் பிசையட்டும், பொம்மை செய்கிறவர் ஒயிலாட்ட வரிசையில் நிற்கட்டும். 20, 30 வருஷம் கை பழகியவருக்குத் தொடக்கத்தில் தடுமாறியது மறந்துபோயிருக்கும். கால் மாறி விழும்போது பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் எப்படி இருக்கிறது என்பது அன்றைக்கு உடம்புக்குத் தெரிய வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இரண்டாம் நாள், தன் கலையைத் துண்டு போடுவது. பத்து நிமிஷத்தில் ஒரு புதிய ஆள் செய்து பார்க்கக்கூடிய மூன்று துண்டுகளை ஒவ்வொருவரும் எடுக்க வேண்டும். பறை என்றால் ஒத்தையடி ஒரு துண்டு, நடந்துகொண்டே அடிப்பது இன்னொரு துண்டு. எடுத்ததை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சு 2 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. இங்கேதான் பலர் திணறுவார்கள். கலையின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது.

மூன்றாம் நாள் காதுக்கு. ஒரு பிள்ளை பேசும்போது குறுக்கே போகாமல் கேட்பது, ‘ஏன்’ என்பதை விட்டுவிட்டு ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று கேட்பது, பிள்ளைகளின் பாதுகாப்புக்குச் சட்டம் என்ன சொல்கிறது, பழகுவதில் எல்லை எது என்பதெல்லாம் அன்றைக்கு. நான்காம் நாள் நிஜப் பிள்ளைகள் வர வேண்டும். கலைஞர்கள் இரண்டு இரண்டு பேராக இருக்கட்டும். ஒருவர் நடத்துவார், மற்றவர் பிள்ளைகளை மட்டும் பார்ப்பார். ஒரு இணைக்கு 12 முதல் 15 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

தேதியில் கவனம். மாசியிலிருந்து வைகாசி வரை ஊர்த் திருவிழாக் காலம், பொதுத்தேர்வும் அப்போதுதான். ஆடியில் அம்மன் கோயில்கள். ஆவணியில் தொடங்குவது நல்லது. செவ்வாய், புதனில் நம் பக்கம் ஊர்ப் பொங்கல் அதிகம், அந்தக் கிழமைகள் வேண்டாம். இரவு நாடகம் முடித்து விடியற்காலம் வீடு சேர்கிறவரைக் காலை 9 மணிக்குக் கூப்பிட்டால் அவர் தூக்கக் கலக்கத்தில் சிடுசிடுப்பார், பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் வையுங்கள்.

பயிற்சி முடிந்ததும் பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. தொடர்ந்து 8 வாரம் வகுப்பு, 15 நாளுக்கு ஒருமுறை கலைஞர்கள் ஒன்றுகூடிப் பேசுவது என்று வைத்தால்தான் அந்த நான்கு நாள் வேரூன்றும். படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள். எழுதப் பழக்கமில்லாதவர் கூச்சப்பட்டு ஒதுங்குவார். வகுப்பு முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷக் குரல்பதிவு போதும்: யார் வரவில்லை, யார் பேசவே இல்லை, அடுத்த வாரம் எதை மாற்ற வேண்டும்.

ஒயிலாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வாரம் 25 பேர் வந்தார்கள், நான்காவது வாரம் 9 பேர். குறை என் பக்கமா, செல்போன் பக்கமா?
– ஒயிலாட்ட வாத்தியார், மேலூர்

அய்யா, செல்போனை ஒரு பக்கம் வையுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதல் நாள் நீங்கள் கால்மணி நேரம் ஆடிக் காட்டினீர்கள் என்கிறீர்கள். பிள்ளைகள் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அந்த நிமிஷத்திலேயே பாதிப் பேர் ‘இது நமக்கு வராது’ என்று முடிவு செய்திருப்பார்கள். நீங்கள் ஆடுவதை மூன்றாவது, நான்காவது வாரத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் அவர்களுக்கு நாலு அடி தெரிந்திருக்கும். தெரிந்த கண்ணோடு பார்க்கும்போதுதான் உங்கள் ஆட்டத்தின் அருமை விளங்கும், இன்னும் கற்க ஆசையும் வரும்.

இரண்டாவது, நீங்கள் குறிப்பிட்டிருக்கும் சுதந்திர தின மேடை. நிகழ்ச்சித் தேதி குறித்துவிட்டால் நன்றாக ஆடுகிற ஆறு பேர் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். மீதிப் பேர் அவர்களுக்குத் துணியும் சலங்கையும் எடுத்துக் கொடுக்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். அவர்கள் எதற்காக வர வேண்டும்? முதல் 8 வாரம் மேடையே கிடையாது என்று பள்ளிக்கோ மன்றத்துக்கோ எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு பிள்ளைகளே கேட்டால் தெருமுனையில், பெற்றோர் முன்னால், எல்லோரும் சேர்ந்து ஆடும் ஒரு சிறிய நிகழ்ச்சி நடத்தலாம்.

ஒன்றரை மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 15 நிமிஷம் வட்டமாக நின்று பெயரும் கைதட்டலும்: ஒருவர் நான்கு எண்ணிக்கையில் ஒரு தட்டு தட்ட, எல்லோரும் திருப்பித் தட்டிவிட்டு அடுத்தவருக்கு. வேண்டாம் என்றால் கையைக் காட்டிவிட்டு விட்டுவிடலாம், காரணம் கேட்கக் கூடாது. இந்த உரிமை இருப்பதால்தான் கூச்சமுள்ள பிள்ளை அடுத்த வாரமும் வரும். கை காட்டியே நழுவும் பிள்ளையை ‘ஒரு தடவை செய்ப்பா’ என்று கெஞ்சிவிட்டால் மறுவாரம் ஆளைப் பார்க்க முடியாது. அடுத்த 20 நிமிஷம் ஒரே ஒரு புதிய அடி. பிறகு 30 நிமிஷம் நாலைந்து பேராகப் பிரிந்து அந்த அடியை வைத்து அவர்களே ஏதாவது கோர்க்க வேண்டும். அப்போது உங்கள் வேலை தண்ணீர் குடிப்பது, பார்ப்பது. குழுக்களுக்குள் போய்த் திருத்தாதீர்கள். தோளைப் பிடித்துத் திருப்புவதும் வேண்டாம், பக்கத்தில் நின்று நீங்கள் செய்தால் பார்த்துச் செய்வார்கள். கடைசி 25 நிமிஷம் ஒவ்வொரு குழுவும் காட்டுவதற்கும் பேசுவதற்கும்.

பாராட்டும்போது ‘சூப்பர்’ என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: “மூணாவது சுத்துல நீ வேகத்தக் கொறச்ச, வரிசை சேந்துக்கிச்சு.” அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை அதையே நினைத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று. ‘நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே நாடகம் கற்றவர்களிடம் அந்தப் பேச்சு உண்டு. அப்படிப்பட்ட சபைகள் சிறுவர்களை முழுநேர நடிகர்களாக ஆக்கின, பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். உங்களிடம் வருகிற பிள்ளை வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தன் விருப்பத்தில் வருகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்திருக்கிறது. பள்ளிக்கு வெளியே நடக்கும் வகுப்பிலும் அதே நியாயத்தைக் கடைப்பிடியுங்கள்.

பறை வகுப்பு தொடங்கியதும் சில பெற்றோர் ‘கீபோர்டு சொல்லிக்கொடுங்கள், இது வேண்டாம்’ என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– அரசுப் பள்ளி ஆசிரியை, பேரையூர்

அம்மா, அவர்கள் சொல்லாமல் சொல்வது சாதி. அதைத் தெரிந்துகொண்டு பேசுவதுதான் நேர்மை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்திருக்கிறது என்று சொல்லலாம். சொல்ல வேண்டியதுதான், ஆனால் அதனால் மட்டும் யார் மனமும் மாறிவிடாது. செயலில் சில வேண்டும்.

பிள்ளையின் பெயரையும் தெருவையும் பார்த்துக் கருவியைக் கொடுக்காதீர்கள். சீட்டுக் குலுக்குங்கள். எல்லோரும் வாரம் மாறி எல்லாக் கருவியையும் தொட வேண்டும். குறிப்பிட்ட சில பிள்ளைகளிடம் மட்டும் பறையும் மற்றவர்களிடம் கோலாட்டக் குச்சியும் போய்ச் சேர்ந்தால் வகுப்பு ஊரின் சாதிக் கோடுகளை இன்னும் அழுத்தி வரைந்துவிடும். கலைஞர் தலைமை ஆசிரியர் அறையில், மற்றவர்கள் உட்காரும் நாற்காலியில், அதே டம்ளரில் டீ குடிக்க வேண்டும். அதற்குத் தயங்கும் இடத்தில் நிகழ்ச்சியை நடத்தாதீர்கள். ஐந்தாவது வாரத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளைகள் கையாலேயே அவர்களுக்குப் பறைக் குச்சியைக் கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சைவிட அது அதிகம் வேலை செய்யும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: 15 பிள்ளைகளுக்கு 5 பறை இருந்தால் போதும். மீதிப் பேருக்குப் பழைய மோட்டார் சைக்கிள் டயர், கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி. வகுப்பறைக்குள் வேண்டாம், மூடிய அறையில் அந்தச் சத்தம் காதுக்குக் கேடு. மரத்தடிதான் சரி.

மண்பொம்மை செய்கிறவள் நான். 15 மாணவிகளுக்கு வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு மண் கொண்டுபோக வேண்டும்? போன முறை செய்ததெல்லாம் வெடித்துவிட்டது.
– வாசகி, விளாச்சேரி

தலைக்கு 1 கிலோ பிசைந்த மண், கைக்காவலுக்கு 5 கிலோ, ஆக 20 கிலோ. முதல் நாளே பிசைந்து ஈரச் சாக்கில் சுற்றி, மேலே பாலித்தீன் போட்டு வையுங்கள்.

வெடித்ததற்கு மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். உங்கள் கைக்குத் தெரிந்ததுதான், ஆனால் மாணவிகளுக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருப்பீர்கள். ஒன்று, கட்டையாகச் செய்திருப்பார்கள். கனம் 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்ளே ஈரம் நின்று வெளிப்பக்கம் மட்டும் சுருங்கும். அடிப்பக்கமாகக் குடைந்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, கையையும் மூக்கையும் வெறுமனே ஒட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் கீறி, மண் குழம்பு தடவி அழுத்த வேண்டும். மூன்று, சீக்கிரம் காயட்டும் என்று வெயிலிலோ மின்விசிறிக்குக் கீழேயோ வைத்திருப்பார்கள். நிழலில், திருப்பித் திருப்பி வைத்து, 4, 5 நாள் காய வேண்டும்.

முதல் மூன்று வகுப்புக்கு அச்சு கொண்டுபோகாதீர்கள். அச்சில் அமுக்கினால் 15 பிள்ளையாரும் ஒரே மாதிரி வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ‘இது நான் செஞ்சது’ என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தான் தினமும் நடக்கும் பாதையில் பார்க்கும் ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். கை மண்ணில் இருக்கும்போது பெண்பிள்ளைகள் தலைநிமிராமல் நிறையப் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், அப்போது போய் மூக்கைச் சரிசெய்ய வேண்டாம்.

அப்படிப் பேசும்போது ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் தவறான தொடுதலைப் பற்றிச் சொல்லிவிட்டால்?
– நாடகக் கலைஞர், திருமங்கலம்

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், நடக்கக்கூடும் என்று ஐயம் இருந்தாலும், காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். தெரிந்தும் சொல்லாமல் விடுவது தண்டனைக்குரியது. அது கலைஞருக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியது: அமைதியாகக் கேளுங்கள். ‘நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை’ என்று சொல்லுங்கள். விவரம் தோண்டாதீர்கள், வீட்டாரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம். நீங்கள் யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதைப் பிள்ளையிடமே சொல்லிவிட்டு, அன்றைக்கே பொறுப்பாளரோடு சேர்ந்து காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழையுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து வையுங்கள். குழுவில் மற்றவர்களிடம் பெயர் போகக் கூடாது. பிள்ளை சோர்ந்துபோயிருந்தால், உயிரை மாய்த்துக்கொள்வது போலப் பேசினால், மனநல உதவிக்கு 14416. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு கலைஞரின் போனிலும் பயிற்சி நாளிலேயே பதிவாகியிருக்க வேண்டும்.

உங்கள் பாதுகாப்புக்கும் பிள்ளையின் பாதுகாப்புக்கும் சேர்த்து சில கட்டுப்பாடுகள்: மூடிய அறையில் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்க வேண்டாம், இரவில் தனிச் செய்தி வேண்டாம், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். நன்றாக ஆடுகிறான் என்று எந்தப் பிள்ளையையும் உங்கள் செட்டோடு கூலி நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகவும் வேண்டாம்.

கலைஞர்களுக்கு எவ்வளவு கொடுப்பது? ‘சேவைதானே’ என்கிறார்கள் எங்கள் குழுவில்.
– தன்னார்வலர், வாடிப்பட்டி

குழுவில் சம்பளம் வாங்குகிற எல்லோரும் அதைச் சேவையாகச் செய்கிறார்களா என்று கேளுங்கள். ஒன்றரை மணி வகுப்புக்குக் கலைஞருக்கு அரைநாள் போய்விடும். அவர் ஊர்ப் பக்கம் வாங்கும் ஒருநாள் கூலியில் பாதியாவது, பேருந்துச் செலவு தனியாக, வகுப்பு முடிந்ததும் கையில். பயிற்சி நாட்களுக்கும் முழுக் கூலி உண்டு. பத்துக் கலைஞர், 4 பயிற்சி நாள் என்றால் 40 நாள் கூலி. ஐந்து இணைகள் 8 வாரம் எடுத்தால் 80 அரைநாள் கூலி, அதுவும் 40 நாள் கூலிதான். பணம் போதாவிட்டால் கலைஞர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். பொன்னாடைக்கு ஒதுக்கிய காசையும் இதில் சேருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதவர் இருந்தால் பயிற்சி நாளிலேயே விண்ணப்பத்தை நிரப்பி உதவுங்கள்.

ஐப்பசி மழையில் பறைத் தோல் தொய்ந்துவிடுகிறது. பள்ளியில் தீ மூட்டலாமா?
– பறையாட்டக் கலைஞர், அலங்காநல்லூர்

பள்ளி வளாகத்தில் வேண்டாம். வீட்டிலேயே ஓலையோ காகிதமோ கொளுத்தி, தோலை ஓரடி உயரத்தில் சுற்றிக் காட்டி, தட்டிப் பார்த்துக் காய்ச்சிக்கொண்டு, துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். நெருக்கிப் பிடித்தால் விளிம்பில் பசை விட்டுவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. வகுப்புக்கு மட்டும் ஃபைபர் தோல் பறை இரண்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. நாதம் குறைவுதான், ஆனால் ஈரத்துக்கு அசையாது. அந்த நான்கைந்து வாரங்களுக்கு மண் வேலையையும் தள்ளிவையுங்கள், அதுவும் காயாது. வராந்தாவில் கும்மியும் ஒயிலாட்ட அடிகளும் வைத்துக்கொள்ளலாம், தரை வழுக்கினால் பாட்டு.